ரஷ்ய மொழியும் பண்பாடும் பல்கலைக்கழகத்தில் படிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்ய மொழிப் பட்டப்படிப்பு பற்றி பிளஸ் டூ முடித்தவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் வருடா வருடம் அதேதான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது மேல் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

ரஷ்யச் சொற்களைத் தமிழில் எழுதினால் ஒலி முழுசாக வராது, தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். விசா, கட்டணம், உதவித்தொகை விதிகள் அடிக்கடி மாறும். அவற்றை மட்டும் சேரப்போகும் பல்கலைக்கழகத்திடமே ஒரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ரஷ்யன் ரொம்பக் கஷ்டம்னு எல்லாரும் சொல்றாங்களே, நிஜமா சார்?

யாருக்குக் கஷ்டம் என்று கேட்க வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சி நிறுவனம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுபவருக்கு எந்த மொழி எவ்வளவு காலம் பிடிக்கும் என்று அங்கே ஒரு பட்டியல் உண்டு. அதில் ரஷ்யன் 44 வாரம், ஏறத்தாழ 1,100 வகுப்பு மணிநேரம். அதே வரிசையில், அதே 44 வாரத்தில், தமிழும் இருக்கிறது.

ஆங்கிலம் பேசுபவருக்கு இரண்டும் ஒரே அளவு கடினம். அந்த இரண்டில் ஒன்று உங்களுக்குப் பிறந்ததிலிருந்தே வரும். ரஷ்யன் சுலபம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் 'ரஷ்யன் கஷ்டம்' என்று இணையத்தில் படிப்பதெல்லாம் ஆங்கிலக்காரர்களின் புலம்பல், அதை நாமும் வாங்கிப் புலம்ப வேண்டியதில்லை.

அந்த எழுத்தைப் பார்த்தாலே பயமா இருக்கு. எத்தனை நாள்ல படிக்க வரும்?

இரண்டு வாரம் போதும். மொத்தம் 33 எழுத்து: உயிர் 10, மெய் 21, தனி ஒலி இல்லாத குறிகள் 2. 247-ஐப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் பெரிதில்லை.

உண்மையான தலைவலி கையெழுத்து. அச்சில் இருக்கும் எழுத்து வேறு, வாத்தியார் பலகையில் கூட்டி எழுதுவது வேறு. 'த' ஒலிக்கான எழுத்து கையால் எழுதும்போது ஆங்கில 'எம்' மாதிரி ஆகிவிடும், 'இ' ஒலிக்கானது ஆங்கில 'யு' மாதிரி. ரஷ்யர்கள் அச்செழுத்தில் எழுதுவதில்லை, பள்ளி முதல் கூட்டெழுத்துத்தான். ஆரம்பத்திலேயே நான்கு கோடு நோட்டு வாங்கிப் பழகிவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்ட மாணவர்கள் மாஸ்கோ வகுப்பில் பலகையைப் பார்த்து விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்குத் தமிழ்தான் நல்லா வரும், இங்கிலீஷ் சுமார். ரஷ்யன் படிக்க முடியுமா அண்ணா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பேசுவேன். முடியும். ஒருவகையில் உங்களுக்கு அது வசதியும்கூட. நம் ஊரில் ரஷ்யனை ஆங்கிலத்தின் வழியாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். மாணவனும் முதலில் ஆங்கில வாக்கியம் அமைத்து, பிறகு அதை ரஷ்யனாக்கப் பார்க்கிறான். அது சுற்றுவழி.

'அவர் ஆசிரியர்' என்று தமிழில் சொல்லும்போது நடுவில் வினை எதுவும் இல்லை. ரஷ்யனிலும் இல்லை: 'ஓன் உச்சீத்தெல்', அவ்வளவுதான். 'எனக்குக் குளிர்கிறது', 'எனக்கு இருபது வயது' என்று நாம் நான்காம் வேற்றுமையில் தொடங்குகிறோம். ரஷ்யரும் அப்படியே, 'ம்ன்யே' என்று, அதாவது 'எனக்கு' என்று தொடங்குவார். 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதற்கு 'ஊ மின்யா யேஸ்த் க்னீகா'. சொல்லுக்குச் சொல் தமிழ்தான். ஆங்கிலத்தின் 'ஏ', 'தி' கிடையாது. சொற்களை முன்பின்னாக மாற்றிப் போட்டாலும் வாக்கியம் உடையாது. நீ, நீங்கள் என்ற வேறுபாடு 'த்தீ', 'வ்வீ' என்று அங்கேயும் உண்டு.

வேற்றுமை ஆறு. நமக்கு எட்டு. பள்ளியில் மனப்பாடம் செய்த 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' வரிசையைப் பக்கத்தில் எழுதிவைத்துப் படித்தால் ஐந்தாம் வேற்றுமையும் விளியும் தவிர மற்றவை பெரும்பாலும் ஒட்டும். இன்னொரு விஷயம்: 'பையனைப் பார்த்தேன்' என்றால் 'ஐ' கட்டாயம், 'வீடு பார்த்தேன்' என்றால் 'ஐ' இல்லாமலும் போகும். ரஷ்யனிலும் ஆண்பால் பெயர்களில் உயிருள்ளதற்கு ஓர் உருபு, உயிரற்றதற்கு உருபே மாறாது. ஆங்கிலம் வழியாக வருபவர் இந்த விதியைப் புரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆகும். ஒரே வித்தியாசம், ரஷ்யனில் நாயும் பூனையும் மனிதரோடு சேர்ந்துவிடும்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், ஜன்னல் அலிப்பால் என்று பொருட்களுக்கெல்லாம் பால் இருக்கிறது. பெயருக்கு முன் வரும் அடையும் அந்தப் பாலுக்கும் எண்ணுக்கும் வேற்றுமைக்கும் ஏற்பக் கூடவே மாறும். தமிழில் உருபு ஒட்டுவது கண்ணுக்குத் தெரியும், யாருக்கும் ஒரே உருபுதான். ரஷ்யனில் ஒரே வேற்றுமைக்குப் பல ஈறுகள். இங்கே குறுக்குவழி இல்லை, எழுதி எழுதித்தான் பழக வேண்டும்.

உச்சரிப்பு நமக்கு வருமா?

பாதி ஏற்கெனவே வரும். ரஷ்யனின் 'த' நம் 'த' மாதிரி பல்லில் நாக்கு பட வருவது. ஆங்கிலப் பழக்கத்தில் அதை 'ட' ஆக்காதீர்கள். 'ர' நன்றாக உருள வேண்டும், அதுவும் நமக்குப் பிரச்சினை இல்லை. எல்லா வெளிநாட்டினரையும் திணறவைக்கும் ஓர் உயிரொலி உண்டு, 'இ'-க்கும் 'உ'-க்கும் நடுவில். பேச்சில் 'அது' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே அந்தக் குற்றியலுகரம், அதிலிருந்து தொடங்கினால் சீக்கிரம் பிடித்துவிடலாம்.

வராத பாதி எது என்றால், முதலில் 'த', 'ப' போன்றவற்றின் வல்லொலி மெல்லொலி வேறுபாடு: 'பல்'லின் 'ப'வில் தொண்டை அதிராது, 'தம்பி'யின் 'பி'யில் அதிரும். வீடு என்ற சொல்லையும் நூலின் தொகுதி என்ற சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'தோம்'தான். ரஷ்யக் காதுக்கு அவை முற்றிலும் வேறு. அடுத்தது மெய்யெழுத்தின் மென்மை, லேசாக 'ய்' கலந்ததுபோல் ஒலிப்பது. அண்ணன் தம்பியைக் குறிக்கும் 'ப்ராத்'துக்கும் 'எடு' என்று பொருள்படும் 'ப்ராத்'துக்கும் கடைசி மெய்யில் மட்டுமே வித்தியாசம். மூன்றாவது அழுத்தம். எந்த அசையில் அழுத்தம் விழும் என்று அச்சில் குறிப்பதில்லை. 'ஸாமக்' என்றால் கோட்டை, 'ஸமோக்' என்றால் பூட்டு, எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. அழுத்தம் விழாத 'ஒ' பேச்சில் 'அ' ஆகிவிடும், அதனால் 'மொலொகோ' என்று எழுதிய பாலை 'மலகோ' என்பார்கள். புதுச் சொல்லை நோட்டில் எழுதும்போதே அழுத்தக்குறி போடுங்கள்.

இந்தியாவிலேயே படிக்கலாமா, ரஷ்யாவுக்குப் போய்த்தான் ஆகணுமா?

இந்தியாவில் நல்ல இடங்கள் உண்டு. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ரஷ்ய ஆய்வு மையம் பழமையானது. 1965-ல் தனி நிறுவனமாகத் தொடங்கிப் பின்னர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பி.ஏ. முதல் பிஎச்.டி. வரை அங்கே உண்டு, பி.ஏ.வுக்கு ரஷ்யன் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். சென்னையில் இருப்பவர்கள் முதலில் ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் உள்ள ரஷ்ய அரசின் பண்பாட்டு மையமான ரஷ்ய மாளிகையின் மாலை வகுப்பில் சேர்ந்து, இந்த மொழி தனக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ரஷ்யாவில் என்றால், வெளிநாட்டினருக்கு ரஷ்யன் கற்பிப்பதற்கென்றே மாஸ்கோவில் புஷ்கின் நிறுவனம் இருக்கிறது. 1966-ல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்துக்குள் தொடங்கி 1973-ல் தனியானது. லுமும்பா பல்கலைக்கழகம் 1960-ல் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மாணவர்களுக்காகவே திறக்கப்பட்டது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க், கசான், தோம்ஸ்க் நகரங்களின் பழைய பல்கலைக்கழகங்களும் உண்டு. என் கருத்து: இலக்கியமும் மொழியியலும்தான் நோக்கம் என்றால் இந்தியாவில் பி.ஏ., பிறகு ரஷ்யாவில் முதுகலை. பேச்சு சரளமாக வேண்டும் என்றால் முதலிலேயே அங்கே. மாஸ்கோவைவிடச் சிறிய நகரம் நல்லது. மாஸ்கோவில் இந்தியர்களோடேயே சுற்றிக்கொண்டு நான்கு வருடமும் கழிந்துவிடக்கூடும்.

'பத்ஃபாக்'னு சொல்றாங்களே, அது என்ன?

ஆயத்தப் படிப்பு. பட்டப்படிப்பு ரஷ்ய மொழியில் நடப்பதால், மொழி தெரியாமல் வருபவர்களை ஒரு வருடம் தனியாக வைத்துத் தயார்செய்வார்கள். செப்டம்பர், அக்டோபரில் தொடங்கிக் கோடையில் முடியும். வாரம் முழுக்கக் காலையிலிருந்து மொழிதான். சீனர், வியட்நாமியர், அரபியர், ஆப்பிரிக்கர் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதால் பொதுமொழி கிடையாது. வாத்தியார் முதல் நாளிலிருந்தே ரஷ்யனில் பேசுவார். இரண்டாம் பருவத்தில் நீங்கள் சேரப்போகும் துறைக்கேற்ற பாடங்களும் வரலாறும் இலக்கியமும் ரஷ்யனிலேயே சேரும்.

டிசம்பர் வாக்கில் 'எனக்கு ஒன்றும் ஏறவில்லை, திரும்பி வந்துவிடுகிறேன்' என்று வீட்டுக்கு அழுது போன் செய்வது ஏறக்குறைய எல்லோருக்கும் நடக்கும். பெற்றோர் பயந்துபோய் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். மார்ச்சில் அதே பிள்ளை கடையில் பேரம் பேசிக்கொண்டிருக்கும்.

தேர்வுல நிலை நிலையா இருக்குன்னாங்க. எந்த நிலை வரைக்கும் வேணும்?

வெளிநாட்டினருக்கான ரஷ்ய மொழித் தேர்வில் ஆறு நிலைகள். அடிப்படைக்கு முந்தையது, அடிப்படை, பிறகு முதல் நிலையிலிருந்து நான்காம் நிலை வரை. ஐரோப்பிய அளவுகோலில் ஏ-1 முதல் சி-2 வரை. சொற்களின் எண்ணிக்கை ஏ-1-க்கு 780, ஏ-2-க்கு 1,300, பட்டப்படிப்பில் சேரத் தேவையான பி-1-க்கு 2,300. அதற்கு அடுத்த பி-2-க்கு 10,000. இந்தத் தாண்டலைக் கவனியுங்கள். ஆயத்த வருடத்தில் பி-1 வாங்கியவுடன் மொழி வந்துவிட்டது என்று நினைத்து, முதலாண்டு விரிவுரையில் போய் உட்கார்ந்தால் பாதி புரியாததற்குக் காரணம் இதுதான்.

சொல்லும் இலக்கணமும், வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று ஐந்து பகுதி. ஒவ்வொன்றிலும் பொதுவாக 66 சதவீதம் எடுக்க வேண்டும். ஒன்றில் பிரமாதமாக எழுதி இன்னொன்றை ஈடுகட்ட முடியாது. நம் பிள்ளைகள் இலக்கணத்தில் 90 எடுத்துக் கேட்டலில் சறுக்குவார்கள்.

ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

கிடைக்கும். ரஷ்ய அரசு ஒவ்வொரு ஆண்டும் வெளிநாட்டு மாணவர்களுக்கு இடம் ஒதுக்குகிறது. 2023 முதல் உலகம் முழுமைக்கும் 30,000 இடங்கள். விண்ணப்பம் இணையத்தில், ஆட்களைத் தேர்ந்தெடுப்பது ரஷ்ய மாளிகை மூலம். கல்விக் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகை சிறிது உண்டு, விடுதி இடமும் உண்டு. ஆயத்த வருடமும் இதில் அடங்கும். விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு, சாப்பாடு உங்கள் செலவு. உதவித்தொகையை நம்பி மட்டும் மாதத்தை ஓட்ட முடியாது.

இந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. 'அரசு ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன்' என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டிடம் போகாதீர்கள்.

நாலு வருஷமும் நாவல் படிக்கிறதுதானா? என்னதான் சொல்லித் தருவாங்க?

'ஃபிலலோகியா' என்று சொல்லும் மொழி இலக்கியத் துறையில் மொழி பாதி, இலக்கியம் பாதி. இலக்கியம் பண்டைய ரஸ் நாட்டுச் சரித்திரக் குறிப்புகளிலிருந்து தொடங்கும், புஷ்கினுக்கு வந்துசேரவே நாளாகும். பிறகு 19-ஆம் நூற்றாண்டு, வெள்ளி யுகம் என்று சொல்லும் 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம், சோவியத் காலம், இன்றைய எழுத்து. மொழிப் பக்கத்தில் ஒலியியல், சொல்லியல், தொடரியல், மொழி வரலாறு. பழைய சர்ச் ஸ்லாவிக் மொழியும் படிக்க வேண்டும். 9-ஆம் நூற்றாண்டில் கிரில், மெதோதியஸ் என்ற இரு சகோதரர்களின் பணியிலிருந்து வளர்ந்தது அது. பயமுறுத்தும் பாடம்தான். ஆனால் இன்றைய ரஷ்யனில் காரணமில்லாமல் மாறுவதாகத் தோன்றும் மெய்களுக்கெல்லாம் விளக்கம் அங்கேதான் கிடைக்கும்.

பண்பாட்டுக்கென்று 'ஸ்த்ரனவேதெனியே' என்ற பாடம் வரும், நாடறிதல் என்று சொல்லலாம். புவியியல், வரலாறு, பண்டிகை, ஓவியம், சர்ச், கல்வி முறை எல்லாம் கலந்தது. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரஷ்யர்கள் பேச்சுக்குப் பேச்சு பழைய திரைப்பட வசனத்தையும் பள்ளியில் படித்த கவிதை வரியையும் இழுப்பார்கள். நம் ஊரில் வடிவேலு வசனம் தெரியாதவர் நண்பர் கூட்டத்தில் முழிப்பாரே, அதே கதைதான். கவிதைகளை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்வார்கள், வெளிநாட்டு மாணவன் என்று விட்டுவிட மாட்டார்கள்.

பரீட்சை எழுத்துல இல்லையாமே, வாயாலயா?

ஆமாம், பெரும்பாலும். கேள்விப் பட்டியலை முன்கூட்டியே தந்துவிடுவார்கள். அன்று மேசையில் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும், அதற்குப் பெயர் 'பிலேத்'. அதில் இரண்டு மூன்று கேள்விகள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டு, பேராசிரியர் எதிரில் போய்ச் சொல்ல வேண்டும். நடுநடுவே அவர் குறுக்குக் கேள்வி கேட்பார். புத்தகத்தை அப்படியே ஒப்பிப்பவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள்.

மதிப்பெண் ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு. இரண்டு என்றால் தோல்வி. சில பாடங்களுக்கு 'ஸச்சோத்', தேர்ச்சி மட்டும். முக்கால் பங்குக்குக் குறையாமல் ஐந்து, எங்கேயும் மூன்று இல்லை, இறுதித் தேர்வும் ஐந்து என்றால் சிவப்பு அட்டை போட்ட பட்டயம். பருவத் தேர்வுகள் ஜனவரியிலும் ஜூனிலும். தேர்வுக்கு முந்தின நள்ளிரவில் மாணவர்கள் மதிப்பெண் புத்தகத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஓசி அதிர்ஷ்டத்தை வரச்சொல்லிக் கத்துவார்கள். நீங்களும் கத்தலாம்.

ஒவ்வொரு வினையையும் ரெண்டு ரெண்டா மனப்பாடம் பண்ணச் சொல்றாங்க. ஏன் சார் இப்படி?

ஒன்று செயல் நடந்துகொண்டிருந்ததை அல்லது வழக்கமாக நடப்பதைச் சொல்ல, மற்றது முடிந்ததைச் சொல்ல. 'பிஸால்' என்றால் எழுதினான், எழுதிக்கொண்டிருந்தான். 'நபிஸால்' என்றால் எழுதிவிட்டான், எழுதி முடித்தான். நம் 'விடு' துணைவினையை மனதில் வைத்தால் முதல் இரண்டு மாதம் ஓட்டிவிடலாம். அதற்கு மேல் அது ஏமாற்றும். தமிழில் 'விடு' சேர்ப்பது பேசுபவர் விருப்பம், ரஷ்யனில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். மேலும் முடிந்ததைச் சொல்லும் வினைக்கு நிகழ்காலமே கிடையாது. அதை நிகழ்கால ஈற்றோடு சொன்னால் எதிர்காலப் பொருள் வந்துவிடும்.

இதற்கும் மேல் ஒரு கண்டம் 'போ' என்ற வினை. நடந்து போவதற்கு ஒன்று, வண்டியில் போவதற்கு ஒன்று. அதிலும் ஒரு திசையில் போய்க்கொண்டிருப்பது ஒன்று, போய்வருவது அல்லது வழக்கமாகப் போவது ஒன்று. 'நேற்று தியேட்டருக்குப் போனேன்' என்று நாம் சொன்னால் திரும்பி வந்ததும் அதிலேயே அடங்கிவிடும். ரஷ்யனில் தப்பான வினையைப் போட்டால், கேட்பவர் நீங்கள் இன்னும் தியேட்டரிலேயே இருப்பதாக நினைப்பார். பி-2 வரை இது விடாது. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைவிட, தினம் வீட்டைவிட்டுக் கிளம்புவதிலிருந்து திரும்புவது வரை ரஷ்யனில் எழுதிப் பாருங்கள்.

வாத்தியாரை சார், மேடம்னு கூப்பிடலாமா?

கூடாது. பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும். அப்பா இவான் என்றால் மகன் இவானவிச், மகள் இவானவ்னா. ஆக, 'அன்னா இவானவ்னா' என்று முழுசாகச் சொல்லி, 'வ்வீ' போட்டுப் பேச வேண்டும். அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொள்ளும் நமக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. முதல் வகுப்பிலேயே மூன்று பெயரையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், நாக்கு சுளுக்கும்.

இனிஷியல்னதும் ஞாபகம் வருது. என் பாஸ்போர்ட்ல சர்நேமே இல்லையே?

தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் பிரச்சினை இது. ரஷ்யப் படிவம் எல்லாவற்றிலும் குடும்பப் பெயர்க் கட்டம் உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரையோ விரித்த இனிஷியலையோ குடும்பப் பெயராகச் சேர்த்துக்கொள்வதை விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அதைவிட முக்கியம்: சான்றிதழ்களை ரஷ்யனில் மொழிபெயர்க்கும்போது உங்கள் பெயரை எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். விசாவில் 'தமிழ்ச்செல்வன்' ஒருவிதம், மதிப்பெண் பட்டியலில் வேறுவிதம் என்றால் இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரையும், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு வைத்துத் தரும் முத்திரையும், பொதுவாகக் கேட்பார்கள்.

குளிர், சாப்பாடு எல்லாம் தாங்குமா? நாங்க சைவம்.

குளிர் வெளியில்தான். ஐந்து நாள் தொடர்ந்து சராசரி வெப்பம் 8 டிகிரிக்குக் கீழே போனால் ஊர் முழுக்க வெந்நீர்க் குழாய்களைத் திறந்துவிடுவார்கள், அறைக்குள் பனியனோடு உட்காரலாம். பூட்ஸையும் கோட்டையும் இங்கே வாங்காதீர்கள், அங்கே போய் வாங்குங்கள். விடுதியில் பொதுச் சமையலறை இருக்கும். 'கிரேச்கா' என்ற தானியம், உருளை, முட்டைகோஸ், பீட்ரூட், தயிருக்குப் பக்கத்தில் வரும் 'கெஃபீர்' எல்லாம் மலிவு. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் கேன்டீனில் இறைச்சியும் பாலும் இல்லாத தனிப் பட்டியலே போடுவார்கள்.

போர் நடக்குதே, இப்ப அனுப்பலாமா?

இது குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு. 2022 பிப்ரவரிக்குப் பிறகும் இந்திய மாணவர்கள் போய்ப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எல்லையை ஒட்டிய நகரங்களைத் தவிர்த்துவிடுங்கள் என்று மட்டும் நான் சொல்வேன்.

நடைமுறைச் சிக்கல் பணம். 2022 மார்ச் முதல் வெளிநாட்டில் வழங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே வேலை செய்யாது. முதல் மாதங்களுக்கான பணத்தை ரொக்கமாகக் கொண்டுபோய், அங்கே வங்கிக் கணக்குத் தொடங்கி, 'மீர்' என்ற ரஷ்ய வங்கி அட்டை வாங்க வேண்டும். அடுத்தடுத்து எப்படி அனுப்புவது என்று பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே படிக்கும் இந்திய மாணவரிடம் கேளுங்கள், ஏஜென்ட்டிடம் அல்ல.

இன்னொன்று, பையன்களைப் பெற்றவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நல்ல சம்பளம், உதவியாளர் வேலை, சீக்கிரம் குடியுரிமை என்று ஆசைகாட்டி ரஷ்ய ராணுவ ஒப்பந்தத்தில் இந்தியர்களைச் சேர்த்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. அதில் உயிர்ப்பலியும் உண்டு. இந்திய வெளியுறவு அமைச்சகம் 2024-லும் 2025-லும் வெளிப்படையாக எச்சரித்தது. ரஷ்யனில் நீட்டும் எந்தக் காகிதத்திலும் படித்துப் புரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

நான் எம்.பி.பி.எஸ். போறேன், இங்கிலீஷ் மீடியம். எனக்கு எதுக்கு ரஷ்யன்?

பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும், இந்தியாவில் பதிவுசெய்ய 2021 விதிப்படி அது தேவை. ஆனால் மூன்றாம் வருடம் வார்டுக்குள் போனால் படுக்கையில் இருக்கும் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து என்று கேட்கத் தெரியாத மாணவன் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பான். முதல் இரண்டு வருடத்தில் நடக்கும் ரஷ்ய வகுப்பைக் கட் அடிக்காதீர்கள்.

சரி, படிச்சுட்டு வந்தா என்ன வேலை?

தமிழ்நாட்டிலேயே தொடங்குகிறேன். கூடங்குளம் அணுமின் நிலையம் 1988 ஒப்பந்தத்தின் பேரில் வந்தது. 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன, நான்கு கட்டுமானத்தில். ரஷ்ய வல்லுநர்கள் பக்கத்திலேயே குடியிருக்கிறார்கள். அங்கே மொழிபெயர்ப்பாளர் தேவை இருந்துகொண்டே இருக்கிறது, எழுத்திலும் பேச்சிலும். ஆவடியில் முன்பு தயாரான டி-72, இப்போது தயாராகும் டி-90 டாங்கிகள் ரஷ்ய வடிவமைப்பு. மருந்து ஏற்றுமதி, சுற்றுலா, கப்பல் நிறுவனங்கள், பன்னாட்டு நிறுவனங்களின் மொழிச் சேவைப் பிரிவுகள் என்று மற்ற வாய்ப்புகள்.

இங்கே ஒளிவுமறைவு வேண்டாம். புஷ்கினை மட்டும் தெரிந்தவரைக் கூடங்குளத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வால்வு, பம்பு, வெல்டிங் இவற்றின் ரஷ்யப் பெயர் தெரிய வேண்டும். மொழியோடு ஒரு துறையையும் பிடித்துக்கொள்ளுங்கள்: தொழில்நுட்பம், சட்டம், மருத்துவம், ஏதாவது ஒன்று. பி-1-ஓடு நின்றவர்களுக்கு வேலை கிடைப்பது கஷ்டம், முன்பு சொன்ன அந்தத் தாண்டலைத் தாண்டியவர்களுக்கே மதிப்பு.

அதான் போன்லயே மொழிபெயர்ப்பு வந்துடுச்சே?

கடிதத்தைப் புரிந்துகொள்ள அது போதும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட, உலைக்குப் பக்கத்தில் நின்று இரு பொறியாளர்களை ஒரே நேரத்தில் பேசவைக்க, இன்னும் ஆள்தான் வேண்டும். சாதாரண எழுத்து மொழிபெயர்ப்பு வேலை மட்டும் குறைந்துவிட்டது, அதை மறைக்க முடியாது.

ரஷ்யன்லேர்ந்து நேரா தமிழுக்கு மொழிபெயர்க்கணும்னு ஆசை. அதுக்கு எதிர்காலம் இருக்கா?

சோறு போடும் தொழிலாக இல்லை. ஆனால் காலி இடம் பெரிது. சோவியத் காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் நூற்றுக்கணக்கில் தமிழ்ப் புத்தகம் அச்சடித்தன, நியூ செஞ்சுரி புத்தக நிலையம் அவற்றை ஊர் ஊராக விற்றது. பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் மாஸ்கோவிலேயே இருந்து ரஷ்யனிலிருந்து நேரடியாகச் செய்தார்கள். தொ.மு.சி. ரகுநாதன் முதலியோர் ஆங்கிலம் வழியாகச் செய்தார்கள். 1991-க்குப் பிறகு அந்த ஏற்பாடு நின்றுபோனது. அதற்குப் பின் எழுதிய ரஷ்யர்கள் தமிழுக்கு வந்ததே குறைவு, வந்தவையும் பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தொட்டே வந்தன.

மறுபக்கம், தமிழைப் படித்த ரஷ்யர்கள் நம்மைவிட ஒழுங்காக வேலை செய்தவர்கள். பியத்திகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ்-ரஷ்ய அகராதி 1960-ல் வெளிவந்தது. மிகயில் அந்த்ரோனொவ் தமிழ் இலக்கணம் எழுதினார். 2020-ல் காலமான அலெக்சாந்தர் துபியான்ஸ்கி மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் சங்க இலக்கியம் கற்பித்தார். மாஸ்கோவிலோ பீட்டர்ஸ்பர்க்கிலோ முதுகலை சேர்பவர்கள் அங்குள்ள இந்தியவியல் துறைக் கதவையும் தட்டுங்கள். தமிழ் தாய்மொழியாக உள்ள, ரஷ்யனில் ஆய்வேடு எழுதத் தெரிந்த மாணவரை அவர்கள் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

எனக்கு 38 வயசு, வேலைக்குப் போறேன். லேட்டா?

பட்டம் வேண்டும் என்றால் யோசியுங்கள், மொழி வேண்டும் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. மாலை வகுப்பில் சேர்ந்தால் ஏ-2 வரை எட்ட ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். பிறகு கோடையில் ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் சில வாரக் குறுகிய படிப்பு ஒன்றுக்குப் போய்வரலாம். அதற்கு வயது வரம்பு பெரும்பாலும் பார்ப்பதில்லை. கூட்டெழுத்து நோட்டை மட்டும் இப்போதே வாங்கிவிடுங்கள்.